ஊர் கூடிக் காக்கும் அமானிதம்



சேலம் மாவட்டத்து ஆத்தூரில் வாழ்வோருக்கு வசிட்ட நதியை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, பழைய கோட்டையின் அருகே ஓடும் அந்நதி, ஆண்டின் பெரும்பகுதி மணலும் புதருமாகவே காட்சி தருகிறது. ஆயினும் மழைக்காலத்தில் பெருகும் அதன் நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே. தலைவாசலைக் கடந்து கிழக்கே செல்லும் அது, சுவேத நதியோடு கூடி, வெள்ளாறு என்னும் பெயர் பெறுகிறது. சேத்தியாத்தோப்பு, புவனகிரி ஆகிய ஊர்களின் வழியே நடந்து, முடிவில் பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது.

ஆற்று நீர் மட்டுமன்று. சேலத்து மண்ணின் இரும்பும் அந்தப் பட்டினத்திற்குப் போனதுண்டு. 1830ஆம் ஆண்டளவில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியபோது, அதற்கு வேண்டிய கனிமம் சேலம் பகுதியிலிருந்தே சென்றது. நம் பகுதியிலிருந்து இவ்வளவும் பெற்ற அவ்வூரிடமிருந்து நாம் பெற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அஃது ஒரு பாடம். ஓர் ஊரின் ஜமாஅத் எதற்காக இருக்கிறது என்னும் பாடம்.

கடல் பொங்கிய காலை

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. அதனால் எழுந்த ஆழிப்பேரலை இரண்டு, மூன்று மணி நேரத்திற்குள் தமிழகக் கரையைத் தாக்கிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலூர் மாவட்டத்தில் இறந்தோர் 600க்கும் மேல். கடல் வருகிறது என்று முன்கூட்டிச் சொல்ல அந்நாளில் நம் நாட்டில் எச்சரிக்கை நிலையம் இல்லை. ஐதராபாத்தில் அத்தகைய நிலையம் 2007ஆம் ஆண்டில்தான் அமைந்தது.

பரங்கிப்பேட்டையை அடுத்த சாமியார்பேட்டை, புதுப்பேட்டை, புதுக்குப்பம் முதலிய மீனவச் சிற்றூர்கள் அலையில் அகப்பட்டன. வீடிழந்து, வலையிழந்து, பெற்ற பிள்ளைகளையும் இழந்து மக்கள் உள்நோக்கி ஓடி வந்தனர். வந்தவர்கள் பெரும்பாலும் இந்து மீனவப் பெருமக்கள். அவர்களை ஏந்திக்கொண்டது பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத். அரசின் உதவி முழுமையாக வந்து சேருமுன்பே அங்கே அடுப்புகள் மூட்டப்பட்டன. ஆயிரக்கணக்கானோருக்கு உணவு ஆக்கி வழங்கப்பட்டது. தங்குவதற்கு இடம் தரப்பட்டது. ஊரின் இளைஞர்கள் காயமுற்றோரைத் தூக்கிச் சென்றனர். இறந்தோரின் உடலங்களை மீட்டனர். வந்தவரின் சமயத்தை எவரும் கேட்கவில்லை.

தெற்கே நாகூரிலும் அவ்வாறே நடந்தது. தர்கா வளாகம் அடைக்கலம் தேடி வந்தோருக்குத் திறந்து விடப்பட்டது. இன்னார் இனத்தார் என்று பாராமல், இறந்த பலர் அந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

ஒரே நாளில் வந்த வலிமையன்று

இங்கே நாம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரக்கம் எல்லார் நெஞ்சிலும் உண்டு. ஆனால் இரக்கம் கொண்ட எல்லா ஊர்களாலும் அன்று பகலுக்குள் ஆயிரம் பேருக்குச் சோறு ஆக்கிவிட முடியுமா?

ஜமாஅத்தின் அன்றாட வாழ்வை அறிந்தோர்க்கு இதன் விடை எட்டாததன்று. அவ்வாண்டு ரமளான் மாதம் முடிந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. நோன்புக் கஞ்சி காய்ச்சுகின்ற ஊரில் பெரிய தேக்சாக்கள் இருக்கும். அவற்றைக் கையாளத் தெரிந்த சமையற்காரர் இருப்பர். அரிசி மண்டியில் கடன் சொல்லி மூட்டை எடுக்கும் செல்வாக்கு ஜமாஅத்துக்கு இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், வெளிநாட்டில் இருப்போர் யார், விதவையர் யார் என்பதெல்லாம் ஜமாஅத்தின் பதிவேட்டில் இருக்கும். மரணம் நிகழ்ந்த வீட்டில் அழைப்புக்குக் காத்திராமல் போய் நின்று, குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸாவைச் சுமந்து பழகிய இளைஞர் இருப்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெரியவர் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் அழைத்தால், அவர் சொல்லை நம்பி வெளியே வருகின்ற மக்கள் இருப்பர்.

பேரிடர் நாளில் உதவிய கை, பேரிடர் இல்லாத நாள்களில் பழகிய கையே ஆகும். எச்சரிக்கைக் கருவியை அரசு அமைத்துத் தரலாம். அண்டை ஊரார் பசியோடு வந்து நிற்கும்போது அடுப்பை மூட்டும் பழக்கத்தை எந்த அரசும் அமைத்துத் தர இயலாது. அதனை ஊர்தான் வளர்க்க வேண்டும்.

மார்க்கம் காட்டும் முறை

தர்மம் என்பது தனி மனிதரின் இரக்கத்தோடு முடிந்துவிடுவதன்று. அதற்கு ஓர் அமைப்பு வேண்டும் என்பதைத் திருக்குர்ஆன் தெளிவாகவே உணர்த்துகிறது. ஒன்பதாம் அத்தியாயமாகிய ‘அத்தவ்பா’வின் 60ஆம் வசனம் ஜகாத் பெறுவதற்குரிய எட்டு வகையினரைக் கூறுகிறது. அவர்களுள் ஏழைகளையும் வறியவர்களையும் அடுத்து வைத்துக் கூறப்படுவோர், அந்த ஜகாத்தைத் திரட்டும் பணியில் ஈடுபடுவோர் ஆவர். கொடுப்போர்க்கும் பெறுவோர்க்கும் நடுவே நின்று உழைப்பவரை மார்க்கம் எத்துணை மதித்திருக்கிறது, பாருங்கள்!

‘அல்மாஊன்’ என்னும் சிறிய அத்தியாயத்தையும் எண்ணிப் பாருங்கள். மாஊன் என்பதற்கு விளக்கம் சொன்ன முற்கால அறிஞர்கள் சட்டி, வாளி, கோடரி போன்று அண்டை அயலார் இரவல் கேட்கும் புழங்குபொருள்களைக் குறிப்பிட்டார்கள். அற்பம் என்று நாம் கருதும் பாத்திரத்தை மறுப்பதையும் திருமறை கண்டிக்கிறது என்றால், ஊர்ப் பொதுவில் இருக்கும் தேக்சாவும் பந்தலும் பாயும் எவ்வளவு பெரிய அறத்தின் கருவிகள்!

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் அரபு நாட்டைக் கடும் பஞ்சம் வாட்டியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பிற பகுதிகளிலிருந்து தானியம் வரவழைத்து மக்களுக்குப் பங்கிட்டார்கள். அவர்கள் செய்த மற்றொன்றையும் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. மக்களின் துயர் நீங்கும் வரை நெய்யைத் தம் உணவிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். தலைமை என்பது பந்தியில் முதலிடம் அன்று, கடைசி இடம்.

நம்பிக்கையே முதல்

ஓர் உதவி நிதி எதனால் தளர்கிறது? பணம் இல்லாமையால் தளர்வது குறைவு. கணக்கு இல்லாமையால் தளர்வதே மிகுதி.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரை ஜகாத் திரட்டி வர அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, கொண்டுவந்ததில் ஒரு பகுதியைப் பொது நிதிக்கு உரியது என்றும், மற்றொரு பகுதியைத் தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றும் பிரித்துக் காட்டினார். பெருமானார் அவர்கள் மேடையில் நின்று, மக்கள் அனைவரும் கேட்கும்படி அதனைக் கண்டித்தார்கள். தம் பெற்றோர் வீட்டிலேயே அவர் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. பொதுப் பணியின் பொருட்டுக் கிடைத்தது பொதுவுக்கே உரியது என்னும் நெறியை இதனினும் எளிதாக எவர் விளக்க முடியும்?

எனவே பைத்துல்மாலை நடத்தும் பெரியோர்கள் ஜகாத்துக்கு ஒரு கணக்கும், ஸதகாவுக்கு வேறொரு கணக்கும் வைத்தல் வேண்டும். ஜகாத், வசனம் கூறும் எட்டு வகையினரைச் சேர வேண்டியது. அதனை முஸ்லிம்களுக்கே அளிக்க வேண்டும் என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் முடிவு. ஆனால் ஸதகாவின் வாசலோ எல்லா அண்டை வீட்டாருக்கும் திறந்தது. இரண்டும் ஒரே பெட்டியில் விழுமானால், பிற சமயத்து அயலார் துன்புற்று வரும் நாளில் எதை எடுப்பது, எதை எடுக்கலாகாது என்று தடுமாற நேரும். வரவையும் செலவையும் வெள்ளிதோறும் பள்ளிவாசல் பலகையில் எழுதி வையுங்கள். பெற்றவரின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். உதவி பெறும் ஏழையைப் படம் பிடித்துச் செல்பேசியில் பரப்பும் பழக்கம் இன்று பெருகியுள்ளது. சொல்லிக்காட்டுவதாலும் மனம் புண்படுத்துவதாலும் தர்மம் வீணாகும் என்று இறைமறை எச்சரிப்பதை மறந்துவிடலாமா?

நம் ஊரில் நாம்

ஆத்தூரில் கடல் இல்லையே என்று எவரேனும் கூறலாம். கடல் இல்லை, துயரம் உண்டு. சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலை நம் ஊர் வழியே போகிறது. சாலையில் விபத்துக்கு நேரம் காலம் இல்லை. மரவள்ளிக் கிழங்கின் விலை சரிந்தால், பயிரிட்டவர் வீட்டில் மட்டுமின்றி ஜவ்வரிசி ஆலையில் கூலி வேலை செய்வோர் வீட்டிலும் உலை தளரும். சிறுநீரகம் பழுதுற்று வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்வோரின் குடும்பங்கள், ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணத்துக்குத் தவிக்கும் தாய்மார் ஆகியோர் நம் தெருக்களில் இல்லையா? அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் ஆழிப்பேரலையே.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் யாருடைய இரத்தம் எந்த வகை, யாரிடம் வண்டி உண்டு, நள்ளிரவில் அழைத்தால் வரக்கூடியவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஆண்டுக்கு இருமுறை அதனைத் திருத்துங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான் இதற்குச் செலவு.

தாய்மார்களே! உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கத்தால் மதரஸாக்களுக்குச் சோறிட்ட ஊர்கள் தமிழகத்தில் பல. அந்தக் கலயத்தை மீண்டும் அடுப்பங்கரையில் வையுங்கள். எந்த வீட்டில் துன்பம் வாய்விட்டுச் சொல்லப்படாமல் இருக்கிறது என்பதை ஆண்களைவிட முன்னதாக அறிபவர்களும் நீங்களே. அந்தச் செய்தி பைத்துல்மாலுக்கு எட்ட ஒரு வழி அமையட்டும்.

ஜமாஅத் பெரியோர்களே! அடுத்த தெருக் கோயில் நிர்வாகிகளையும், தேவாலயத்துப் பெரியவர்களையும் திருவிழா நாளில் மட்டும் சந்திப்பது போதாது. ஆபத்து வந்தால் எவர் சமைப்பது, எவர் வண்டி தருவது என்று அமைதியான நாளிலேயே பேசி வையுங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்து விடப்பட்டதைக் கண்டோம். அந்தக் கதவுகள் நம் ஊரிலும் அவ்வளவு விரைவாகத் திறக்க வேண்டுமானால், திறவுகோல் எவரிடம் இருக்கிறது என்பது இன்றே தெரிந்திருக்க வேண்டும்.

ஜமாஅத் என்பது திருமணப் பதிவுக்கும் மையவாடிக்கும் மட்டும் ஏற்பட்டதன்று. அது நம் முன்னோர் நம் கையில் ஒப்படைத்துச் சென்ற அமானிதம். நல்ல நாளில் அதனைப் பேணியவர்களுக்கே கெட்ட நாளில் அது கைகொடுக்கும். இந்த ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்புமுன், உங்கள் பைத்துல்மாலின் பொறுப்பாளரைச் சந்தித்து, உங்களால் இயன்ற ஒரு பணியைக் கேட்டுப் பெறுங்கள்.

கொடுக்கும் கையையும், அதனைக் கொண்டு சேர்க்கும் கையையும், பெற்று நிமிரும் கையையும் வல்ல அல்லாஹ் ஒருங்கே வாழ்விப்பானாக! ஆமீன்.