அதிரும் குழாய்க்குள் ஒரு தராசு

ஜலதரங்கக் கிண்ணத்தில் தண்ணீரைக் கூட்டினால் சுருதி இறங்கும். கிண்ணம் அதிரும்போது தண்ணீரையும் சேர்த்து அசைக்க வேண்டியிருக்கிறது. சுமை ஏற ஏற அதிர்வு மந்தமாகிறது. ஓடும் திரவத்தை ஓட்டத்திலேயே நிறுத்துச் சொல்லும் கோரியாலிஸ் ஓட்டமானிக்கும் இதுதான் முதல் பாடம்.

பெட்ரோலை லிட்டரில் அளந்தால் வெயிலில் ஒரு கணக்கு, குளிரில் ஒரு கணக்கு. கிலோ மாறாது. அதனால்தான் எண்ணெய், ரசாயன ஆலைகளில் இந்தக் கருவிக்கு மதிப்பு. இதன் அடிப்படை விசையைப் பிரெஞ்சு அறிஞர் கோரியாலிஸ் 1835இல் விளக்கினார்.

உள்ளே லாடம்போல் வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அதன் இரு முனைகளையும் இறுக்கிவிட்டு, வளைவை மின்காந்தத்தால் ஆட்டுவார்கள். திரவம் நின்றிருந்தால் இரு கைகளும் ஒன்றாக ஆடும். ஓடத் தொடங்கினால், உள்ளே வரும் திரவம் குழாயோடு ஆட மறுத்து அந்தக் கையைப் பின்னிழுக்கும். வெளியேறும் திரவம், பெற்ற வேகத்தை விடாமல் மற்றக் கையை முன்தள்ளும். குழாய் மெல்ல முறுக்கிக்கொள்ளும். இரு கைகளுக்கும் இடையிலான நேர வித்தியாசம் நொடியில் பத்து லட்சத்தில் சில பங்குதான். நிறை ஓட்டம் எவ்வளவு என்பது அதிலிருந்து தெரியும். அதிர்வெண்ணோ அடர்த்தியைச் சொல்லிவிடும்.

இதைக் கணினியில் போலச்செய்வது லேசல்ல. குழாய் திரவத்தைத் தள்ள, திரவம் குழாயைத் தள்ள, இரண்டில் எதையும் தனியே கணக்கிட முடியாது. இரண்டையும் நுண்ணிய கட்டங்களாகப் பிரித்து, நேரத்தின் ஒவ்வொரு சிறு அடியிலும் திரவத்தின் அழுத்தத்தைக் குழாய்க் கணக்குக்கும், குழாயின் அசைவைத் திரவக் கணக்குக்கும் கைமாற்றுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகும்வரை இது நடக்கும். திரவத்தின் எடை குழாயின் எடையை நெருங்கினால், இந்தக் கைமாற்றலிலேயே விடை கட்டுமீறிப் போகக்கூடும். கட்டங்கள் பெரிதாக இருந்தாலோ, தேடும் மிகச்சிறு நேர வித்தியாசத்தைக் கணக்குப் பிழையே விழுங்கிவிடும்.

இவ்வளவு பாடும் எதற்கு? கெட்டியான எண்ணெய் மெதுவாக ஓடும்போது அளவு சற்றுப் பிசகும். காற்றுக்குமிழிகள் கலந்தால், அவை திரவத்தோடு ஒட்டி ஆடாமல் தனி ஆட்டம் போட்டுக் கணக்கைக் கெடுக்கும். மூடிய உலோகக் குழாய்க்குள் இவற்றைக் கண்ணால் பார்க்க வழியில்லை, கணினி காட்டிக்கொடுக்கிறது.

ஆனாலும் கருவியை விற்பனைக்கு அனுப்புமுன் அதில் தண்ணீரை ஓடவிட்டு, தொட்டியில் பிடித்து, தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள். கருவி காட்டும் கிலோவைத் தராசு ஒப்புக்கொள்ள வேண்டும்.