பிளேடைக் குறை சொல்லும் முன்: பேண்ட்சா மெஷின் வைத்திருப்போர் கவனத்துக்கு



சென்ற ஆண்டு நமது டிரஸ்டின் வட்டியில்லாக் கடனில் பழைய பேண்ட்சா மெஷின் ஒன்றை வாங்கிய சகோதரர், நான்கு தவணை ஒழுங்காகக் கட்டினார். ஐந்தாவது தவணைக்குப் பதிலாக அவரே நேரில் வந்தார். "பாய், மெஷினை நீங்களே எடுத்துக்குங்க. பிளேடு வாங்கியே நான் கடனாளி ஆயிட்டேன். மூணு மாசத்துல அஞ்சு பிளேடு போச்சு" என்றார். பிளேடு போலி என்றார். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றார். கண்ணேறு என்றுகூடச் சொன்னார். அவருடைய வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. கேட்டபோது, "ஓடும்போது பிசிறைத் தட்டிவிட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

நமது ஜமாஅத்தைச் சேர்ந்த, முப்பது ஆண்டுகளாக லேத் பட்டறை வேலை பார்த்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு அவருடைய பட்டறைக்குப் போனேன். பெரியவர் அன்று காட்டியதையும் பிறகு சொல்லித் தந்ததையும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர் இரும்போடு பழகிய ஊர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகல்நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி பக்கமெல்லாம் அரத்தையும் ஹேக்சா பிளேடையும் பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் பல. இன்று கிரில், கேட், ஷெட் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பேண்ட்சா வாங்குகிறார்கள். கையால் அரை மணி நேரம் அறுப்பதை அது சில நிமிடங்களில் அறுத்துவிடும். ஆனால் ஹேக்சா பிளேடு ஒடிந்தால் போவது சில ரூபாய்; பேண்ட்சா பிளேடு போனால் பல நாள் கூலி.

பிளேடு ஏன் ஒடிகிறது?

பேண்ட்சா பிளேடு என்பது நீளமான எஃகு நாடா. இரண்டு முனைகளையும் ஒட்டவைத்து வளையமாக்கி, இரண்டு வீல்களின் மேல் ஓடவிடுகிறார்கள். 1808-லேயே லண்டனில் வில்லியம் நியூபெரி இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அந்த ஒட்டு நிற்காததால் பல ஆண்டுகள் அது பயனுக்கு வரவில்லை. 1846-ல் பிரான்ஸ் நாட்டில் ஆன் போலின் க்ரெபென் என்ற பெண்மணி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே இந்த மெஷின் பரவியது. ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு இரண்டு முறை வளைந்து நிமிர்கிறது. அறுக்கும் இடத்தில் நேராக நிற்பதற்காக கைடுகளில் முறுக்கப்படுகிறது. இத்தனை பாடுபடும் நாடாவுக்கு ஒரு சிறு தவறும் சுமைதான்.

இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பைமெட்டல் பிளேடு. முதுகு வளையும் ஸ்பிரிங் எஃகு. பல் ஹைஸ்பீடு எஃகு. முதுகில் விரிசல் விட்டு ஒடிந்தால், மெஷினை அளவுக்கு மீறி அழுத்தி இறக்குகிறோம், அல்லது பின் கைடு தேய்ந்திருக்கிறது. பல்லின் அடியிலிருந்து விரிசல் கிளம்பினால் டென்ஷன் அதிகம், அல்லது பக்கக் கைடு இறுக்கம், அல்லது வீல் தேய்ந்திருக்கிறது. ஒட்டிலேயே விட்டுப்போனால் மட்டுமே ஒட்டிக் கொடுத்த கடைக்காரரிடம் கேட்க நமக்கு நியாயம் உண்டு. ஒடிந்த பிளேடைத் தூக்கிப் போடும் முன் ஒடிந்த இடத்தைப் பாருங்கள். காரணம் அங்கேயே தெரியும்.

அந்தப் பட்டறையில் கண்டது

நம் சகோதரரின் பிளேடுகள் ஒடியவே இல்லை; பல் உதிர்ந்திருந்தது. பெரியவர் மூன்று தவறுகளைக் காட்டினார்.

முதலாவது, பல்லின் அளவு. பிளேடில் 4/6, 10/14 என்று எழுதியிருப்பது ஓர் அங்குலத்தில் இருக்கும் பல்லின் எண்ணிக்கை. எந்த நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது இரும்புக்குள் இருக்க வேண்டும். 2 மி.மீ. கனமுள்ள சதுர பைப்பை 4/6 பிளேடில் அறுத்தால் ஒரு பல்கூட முழுசாகப் பதியாது. பைப்பின் விளிம்பு இரண்டு பல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு பல்லை உடைத்துவிடும். மெல்லிய பைப்புக்கு 10/14, 50 மி.மீ. ராடுக்கு 5/8, 75 மி.மீ.க்கு 4/6, 150 மி.மீ. கனத்துக்கு 3/4 என்பது பொதுக் கணக்கு. ஒரே பிளேடில் எல்லாவற்றையும் அறுக்க நினைப்பது சிக்கனமாகத் தெரியும், முடிவில் செலவுதான்.

இரண்டாவது, கம்பி பிரஷ். பிளேடு இரும்பை விட்டு வெளியே வரும் இடத்தில் சிறு பிரஷ் ஒன்று சுற்றும். பல்லிடுக்கில் உள்ள பிசிறைத் தட்டிவிடுவதே அதன் வேலை. அந்தப் பட்டறையில் பிரஷின் கட்டைதான் இருந்தது. கம்பி எல்லாம் தேய்ந்து போயிருந்தது. பிசிறு மறுபடி வெட்டுக்குள் போய்ப் பல்லை அடைத்தது. பிரஷின் வேலையைத் தம்பி தன் விரலால் செய்யப் போய்த்தான் அந்தக் காயம். சில நூறு ரூபாய்ப் பொருள் இல்லாததற்கு ஒரு விரல் போகப் பார்த்தது.

மூன்றாவது, கைடு. அறுக்கும் பொருளின் அகலத்துக்குத் தக்கபடி இரண்டு கைடு கைகளையும் நெருக்கி வைக்க வேண்டும். இரண்டு அங்குல பைப்பை அறுக்க பத்து அங்குலம் விரித்து வைத்திருந்தார். நடுவில் பிளேடு கொடிக்கயிறு போல ஆடியது. வெட்டு கோணலாகி, வெட்டியதை மறுபடி கிரைண்டரில் சரிசெய்துகொண்டிருந்தார்.

பிசிறைப் பாருங்கள்

மெஷின் சரியாக ஓடுகிறதா என்பதை அது தள்ளும் பிசிறே சொல்லிவிடும். தளர்வாகச் சுருண்டு விழுந்தால் சரி. மாவு போல விழுந்தால் பிளேடு வெட்டவில்லை, தேய்க்கிறது. இறக்கும் வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள். கனத்து, நீலம் பாய்ந்து விழுந்தால் சூடு அதிகம். வேகத்தையோ அழுத்தத்தையோ குறையுங்கள். பைமெட்டல் பிளேடில் சாதாரண இரும்புக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 மீட்டர் வேகம் போதும். எஸ்.எஸ். என்றால் ஏறக்குறைய அதில் பாதி. எஸ்.எஸ்.ஸைத் தேய்க்கவிட்டால் மேல்தோல் கெட்டியாகி அடுத்த பல்லைத் தின்றுவிடும். அதனால் வேகம் குறைவாக இருக்கட்டும், ஆனால் பல் பதிந்து வெட்டட்டும்.

வெட்டு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துப் பல்லோ எதிர்ப்பக்கத்துப் பல்லோ மழுங்கியிருக்கலாம். முதலில் மூலைமட்டம் வைத்து வைஸ் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டென்ஷன், கைடு, கடைசியாகப் பிளேடு. ஒவ்வொரு சுற்றிலும் "டக், டக்" என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஒட்டில் விரிசலோ, உதிர்ந்த பல்லோ இருக்கும்.

மின்வாரிய வேலை நடந்து ஃபேஸ் மாறிவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். பிளேடு பின்னோக்கி ஓடி இரும்பைத் தேய்க்கும். நாம் பிளேடு மொன்னை என்று நினைப்போம். வயரிங் வேலை எது நடந்தாலும், முதலில் வெறுமனே ஓடவிட்டுத் திசையைப் பாருங்கள்.

புதுப் பிளேடு போடும்போது

பல் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். முதல் சில வெட்டுகளுக்கு வழக்கமான அழுத்தத்தில் பாதி போதும். புதுப் பல்லின் நுனி ஊசி போலக் கூர்மை. உடனே முழு அழுத்தம் கொடுத்தால் நுண்ணிய துண்டுகளாகச் சிதறும். பாதியில் நின்ற பழைய வெட்டுக்குள் புதுப் பிளேடை இறக்காதீர்கள். அந்தப் பாதை குறுகலாக இருப்பதால் பிளேடு மாட்டிக்கொள்ளும். பொருளைத் திருப்பி வைத்து வேறு இடத்தில் தொடங்குங்கள்.

தினமும் கால் மணி நேரம்

அஸர் பாங்குக்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகே கை வையுங்கள். வைஸ், கைடு, வீல் ஆகியவற்றில் உள்ள பிசிறைத் துடைப்பானால் தள்ளுங்கள். காற்றுக் குழாயால் ஊதினால் பிசிறு பேரிங்குக்குள்ளும் கண்ணுக்குள்ளும்தான் போகும். இரவிலும் ஜும்ஆ விடுமுறையிலும் பிளேடின் டென்ஷனைத் தளர்த்தி விடுங்கள். வாரம் ஒரு முறை கியர்பாக்ஸ் எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய் அளவுகளையும் கம்பி பிரஷையும் பாருங்கள்.

கூலன்ட் கலக்கும்போது தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் கலக்குங்கள். எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் திரிந்துபோகும். அளவு டின்னில் எழுதியிருக்கும். அறுப்பதற்குப் பெரும்பாலும் பத்துக்கு ஒன்று. உப்பும் கடினமுமான போர் தண்ணீரிலும் திரியும். நாற்றம் அடித்தால் அது கெட்டுவிட்டது. தொட்டியைக் கழுவி மாற்றுங்கள். பழையதைத் தெருச் சாக்கடையில் விடாதீர்கள்; அது அண்டைவீட்டார் உரிமையில் சேரும். வார்ப்பிரும்பைக் கூலன்ட் இல்லாமலே அறுக்க வேண்டும். பித்தளைப் பிசிறைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். இரும்போடு கலந்தால் பழைய பொருள் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார்.

வீட்டில் இருப்போருக்கும்

மெஷின் ஓடும்போது கையுறை, தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் கூடாது, பிளேடு இழுத்துக்கொள்ளும். சுருட்டிய பிளேடைப் பிரிக்கும்போது மட்டும் கையுறை கட்டாயம். அது ஸ்பிரிங் போலத் துள்ளி முகத்தில் அடிக்கும். கண்ணாடி எப்போதும் வேண்டும். கரண்ட் போனால் சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்ப வரும்போது மெஷின் தானாக ஓடக் கூடாது.

தாய்மார்களும் மனைவிமார்களும் பட்டறை உடைகளைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். பிசிறு நூலில் சிக்கியிருக்கும். ஒளு செய்யும்போது கை எரிகிறது, தோல் வெடிக்கிறது என்று உங்கள் வீட்டு ஆண்கள் சொன்னால் அது கூலன்ட் ஒவ்வாமையாக இருக்கலாம்; மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். கண்ணில் பிசிறு பாய்ந்தால் தேய்க்கவும் கூடாது, முந்தானையால் எடுக்கவும் கூடாது. கண்ணை மூடியபடி உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரும்பு கிழித்த காயத்துக்கு டி.டி. ஊசி அவசியம்.

சகோதரர் மெஷினைத் திருப்பித் தரவில்லை. பிரஷ் மாற்றி, பைப்புக்கு ஒரு பிளேடும் ராடுக்கு ஒரு பிளேடும் வைத்துக்கொண்டார். விடுபட்ட தவணைகளை இரண்டாகப் பிரித்துக் கட்டிவருகிறார், அல்ஹம்துலில்லாஹ். விரலில் தழும்பு மட்டும் இருக்கிறது.

கடன் கொடுத்த நம் மீதும் ஒரு தவறு உண்டு. மெஷின் வாங்கப் பணம் கொடுத்தோம். அதைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டாரா என்று கேட்கவில்லை. அந்தப் பணம் உங்களில் பலர் நம்பிக் கொடுத்த அமானிதம். அதில் வாங்கிய மெஷினும் அப்படியே. இனி மெஷினுக்குக் கடன் பெறுவோர், பெரியவரோடு ஒரு நாள் பட்டறையில் இருந்து கற்றுக்கொண்ட பிறகே பணம் வழங்குவது என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். ஏற்கனவே மெஷின் வைத்திருப்பவர்களும் ஒடிந்த பிளேடோடு அலுவலகத்துக்கு வரலாம். பெரியவரிடம் காட்டிக் காரணம் கேட்டுச் சொல்கிறோம்.

நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்களுடைய கைகளையும் கண்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

– செயலாளர்