செய்தவரா, செய்யவல்லவரா? முதல் வேலையின் வாயிலில் நிற்கும் தடை

மொழியைப் பற்றிய சொற்பொழிவு வரிசையில் வேலை தேடுவதைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், உரைகள் முடிந்தபின் மாணவர்கள் நம்மிடம் வந்து கேட்கும் கேள்விகளுள் இலக்கணத்தைப் பற்றியவை சில. வேலையைப் பற்றியவை பல. "தொடக்கநிலை வேலை என்று விளம்பரம் செய்கிறார்கள். அதன் கீழேயே ஈராண்டு அனுபவம் வேண்டும் என்றும் எழுதுகிறார்கள். முதல் வேலையே கிடைக்காதவருக்கு ஈராண்டு அனுபவம் எங்கிருந்து வரும்?" என்பது அவற்றுள் தலையாயது.

இக்கேள்வி நியாயமானது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்னும் பழமொழி இத்தகைய நிலையையே குறிக்கிறது. பழமொழியைக் கேட்டு நாம் சிரித்துவிட்டுப் போகலாம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்று, தேசிய சேவையையும் முடித்து, எண்ணற்ற விண்ணப்பங்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் இளைஞருக்கு அது சிரிப்பதற்குரிய செய்தியன்று. அத்தடை எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிங்கப்பூர்ச் சூழலை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். காரணங்களுள் சில பொருளியலைச் சார்ந்தவை. ஒன்று மட்டும் மொழியைச் சார்ந்தது. அதனை மாற்றுவது ஆசிரியர்களாலும் மாணவர்களாலும் இயலும்.

விளம்பரத்தின் இலக்கணம்

தமிழில் வினையாலணையும் பெயர் காலம் காட்டும். 'செய்தவர்' என்றால் செயல் முடிந்துவிட்டது. 'செய்கின்றவர்' என்றால் செயல் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. 'செய்யவல்லவர்' என்னும் சொல்லோ எக்காலத்தையும் சுட்டாமல் ஆற்றலை மட்டும் சுட்டுகிறது. வேலைக்கு ஆள் தேடும் நிறுவனத்திற்கு உண்மையில் வேண்டியவர், நாளை முதல் அவ்வேலையைச் செய்யவல்லவர். விளம்பரத்தில் அது கேட்பதோ செய்தவரை. எதிர்காலத்தைப் பற்றிய தேவை இறந்தகாலச் சொல்லால் கூறப்படுகிறது.

நம் இலக்கண மரபில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் ஒரு காலத்திற்குரிய சொல்லை வேறொரு காலத்தில் வழங்குவதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. இன்னும் நிறுத்தத்தை அடையாத பேருந்தைப் பார்த்து 'வந்துவிட்டது' என்று நாம் சொல்வது அவ்வகையினது. வரும் என்பதில் ஐயம் இல்லாததால் எதிர்காலத்தை இறந்தகாலமாக்கிவிடுகிறோம். வேலை கொடுப்பவரும் தெளிவையே நாடுகிறார். ஆனால் அவருக்கு அத்தெளிவு இல்லை. ஒருவரை நேர்முகத் தேர்வில் அரைமணி நேரம் பார்ப்பதால் அவர் காலந்தவறாமல் வருவாரா, தவற்றை ஒப்புக்கொள்வாரா, சினங்கொண்ட வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுவாரா என்பவை தெரிவதில்லை. எனவே, முன்பு எங்கோ செய்தவர் இங்கும் செய்வார் என்று அவர் கருதிக்கொள்கிறார்.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதனை விளக்கியது. வேலைக்கு எடுப்பவரால் விண்ணப்பதாரரின் திறனை நேரடியாகக் காண இயலாது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைக் கொண்டு, தெரியாத திறனை அவர் ஊகிக்கிறார் என்பது அதன் சாரம். இத்துறையில் ஆற்றிய பணிக்காக 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கல்விச் சான்றிதழ் ஓர் அடையாளம். அனுபவம் மற்றோர் அடையாளம். விண்ணப்பதாரர் பலரிடமும் ஒரே சான்றிதழ் இருக்கும்போது, அவர்களை வேறுபடுத்த அது உதவாது. அப்போது அனுபவத்தின் மீது சுமை ஏறுகிறது. நூறு விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கையில், அனுபவம் இல்லாதவற்றை ஒதுக்கிவிடுவது படிப்பவரின் வேலையை எளிதாக்குகிறது. ஒதுக்கப்பட்டவர் திறனற்றவர் என்பது அதன் பொருளன்று. அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்பதே அதன் பொருள்.

முதலில் பயிற்றுவிப்பவருக்கு என்ன ஆதாயம்?

அடுத்த காரணம் செலவு. புதியவர் ஒருவருக்குப் பயிற்சி அளிக்கும் மாதங்களில் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவரைப் பழக்கும் மூத்த ஊழியரின் நேரமும் செலவாகும். கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில் ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். ஒரு நிறுவனத்திற்குள் மட்டுமே பயன்படும் பயிற்சி ஒருவகை. எந்த நிறுவனத்திலும் பயன்படும் பயிற்சி வேறுவகை. பின்னதற்குச் செலவு செய்ய நிறுவனங்கள் தயங்கும். ஏனெனில் பயிற்சி பெற்றவர் அடுத்த தெருவிலுள்ள நிறுவனத்திற்குச் சென்றுவிட்டால், விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் மற்றொருவர் என்றாகிவிடும். கணக்குப் பதிதல், வாடிக்கையாளரிடம் பேசுதல், அறிக்கை எழுதுதல் போன்ற தொடக்கநிலைத் திறன்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

இவ்விரண்டு காரணங்களும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை அமண்டா பல்லாயிஸ் என்னும் பொருளியலாளரின் ஆய்வு காட்டுகிறது. அது 2014இல் வெளிவந்தது. இணையவழித் தரவுப் பதிவு வேலை தேடியவர்களுள் 952 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவர் சிறு வேலை ஒன்றைக் கொடுத்தார். வேலை முடிந்தபின் அவர்களைப் பற்றிய மதிப்பீட்டையும் பிறர் காணுமாறு பதிவு செய்தார். அதற்குமுன் அனுபவமே இல்லாதிருந்தவர்களுக்குப் பின்னர் வேலை கிடைக்கும் வாய்ப்பும் வருமானமும் கூடின. சில மணி நேர வேலை அவர்களைப் பெரிதாக மாற்றியிருக்க இயலாது. அவர்களைப் பற்றிப் பிறருக்குத் தெரிந்தது என்பதே மாற்றம். அத்தகவலால் பயனடைந்தவர்கள் பின்னால் வந்த முதலாளிகள்; அதனைப் பெறச் செலவு செய்தவர் முதலாமவர். எல்லாரும் இரண்டாம் முதலாளியாக இருக்க விரும்பினால், முதல் முதலாளியாக யார் இருப்பது? தொடக்கநிலை வேலைக்கே அனுபவம் கேட்கப்படுவதன் மையச் சிக்கல் இதுதான்.

கீழ்ப்படிகள் மறைந்தன

மூன்றாவது காரணம், வேலைகளே மாறியமை. தமிழ் அச்சுக்கூடங்களை நினைத்துப் பார்ப்போம். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில், புதிதாகச் சேர்ந்த பையனிடம் எடுத்த எடுப்பில் பக்கம் கோக்கும் பணியைத் தந்துவிடமாட்டார்கள். அச்சான பின் எழுத்துகளைப் பிரித்து, அவற்றை உரிய அறைகளில் போடுவது போன்ற சிறு பணிகளிலிருந்து அவன் தொடங்குவான். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பதை அவன் விரல் அவ்வாறுதான் கற்றது. கடினமில்லாத அவ்வேலைக்குக் கூலியும் குறைவு. தவறு நேர்ந்தாலும் இழப்புச் சிறிது. கணினி வந்தபின் எழுத்துக் கோப்பும் போயிற்று. அவன் கால் வைத்து ஏறிய முதற்படியும் அதனுடன் போயிற்று.

அலுவலகங்களிலும் இதே நிகழ்ந்தது. கோப்புகளை அடுக்குதல், கடிதங்களைத் தட்டச்சு செய்தல், எண்களைக் கூட்டிச் சரிபார்த்தல் ஆகியன ஒருகாலத்தில் புதியவரின் பணிகள். அவற்றைச் செய்துகொண்டே அவர் அலுவலகத்தின் நடைமுறையைக் காதாலும் கண்ணாலும் கற்றார். இன்று அவற்றுள் பலவற்றைக் கணினி செய்கிறது. எழுத்து வேலையின் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவும் செய்யத் தொடங்கியுள்ளது. எஞ்சியிருப்பவை முடிவெடுக்கும் வேலைகள். ஆகவே 'தொடக்கநிலை' என்னும் பெயர் நிற்க, அதன் பொருள் ஓரிரு படிகள் மேலேறிவிட்டது. சொல் ஒன்றாகவே இருக்க, பொருள் மட்டும் உயர்வதும் இழிவதும் மொழியியலில் நாம் அன்றாடம் காணும் நிகழ்ச்சி. இங்கே அந்நிகழ்ச்சிக்கு இளையோர் விலை கொடுக்கிறார்கள்.

நான்காவது காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மார்க் கிரானோவெட்டர் என்னும் சமூகவியலாளர் பாஸ்டன் நகர்ப்புறத்தில் தொழில்முறைப் பணியாளர்களை ஆராய்ந்து 1974இல் நூலாக வெளியிட்டார். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் தமக்கு அறிமுகமானோர் வழியாகவே வேலையை அடைந்திருந்தனர். நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள் அதில் பெரும்பங்கு ஆற்றின. அத்தகைய அறிமுகங்கள் வேலைபார்க்கும் இடத்தில்தான் பெருகும். வேலையில்லாதவருக்கு அவையும் இல்லை.

'இல்லை' என்று எழுதிய பெண்

இனி மொழியைச் சார்ந்த காரணத்திற்கு வருவோம். 'அனுபவம்' வடசொல். அதற்கு ஈடாக நாம் வழங்கும் 'பட்டறிவு', பட்டு அறிந்தது எனப் பொருள்படும். இவ்விரு சொற்களிலும் சம்பளம் என்னும் பொருள் இல்லை. ஆனால் வேலை விண்ணப்பத்தில் அச்சொல் வந்ததும், சம்பளம் பெற்று, நிறுவனத்தின் பெயரோடு கழித்த ஆண்டுகள் என்ற அளவிற்கு அது சுருங்கிவிடுகிறது. மேற்கூறிய காரணங்களால் விளம்பரம் கொடுப்பவர் அச்சொல்லைச் சுருக்குகிறார். விண்ணப்பிப்பவரும் அச்சுருக்கத்தை ஏற்றுக்கொள்கிறார்.

இதில் நமக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்குமுன், வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றிற்கு உதவியாசிரியரைத் தேரும் குழுவில் நாமும் ஒருவராக அமர்ந்திருந்தோம். இறுதியில் இருவர் எஞ்சினர். ஒருவருக்கு மூன்றாண்டு அனுபவம். மற்றொருவர் இளம்பெண், 'அனுபவம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். ஐந்து நிமிடத்தில் நாம் முடிவெடுத்தோம். பின்னர் ஒரு நூலக நிகழ்ச்சியில் அப்பெண்ணைச் சந்திக்க நேர்ந்தது. பேச்சினிடையே, பதினைந்து வயது முதல் தம் அடுக்குமாடிப் புளோக்கிலுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருவதாகச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த எழுத்து வரவில்லை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாராம்.

"இதை ஏனம்மா விண்ணப்பத்தில் எழுதவில்லை?" என்று கேட்டோம்.

"அதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லையே ஐயா," என்றார்.

நேர்முகத்தில் நாமும் அவரைக் கேட்கவில்லை. 'இதற்குமுன் எங்கே பணியாற்றினீர்கள்?' என்று கேட்டோமேயன்றி, 'எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு எவ்வாறு கற்றுக்கொடுப்பீர்கள்?' என்று கேட்கவில்லை. சொற்பொருளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட நாம், ஒரு சொல் சுருங்கிக் கிடந்ததை அன்று கவனிக்கத் தவறினோம். அப்பணி அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் கிடைக்கவில்லை.

செய்யக்கூடியவை

சொல்லைச் சரியாகப் பயன்படுத்திவிட்டால் வேலைகள் பெருகிவிடும் என்று நாம் கூறவில்லை. செலவையும் ஐயத்தையும் பங்கிட்டுக்கொள்ள அமைப்புகள் வேண்டும். அவ்வழி இந்நாட்டிற்குப் புதிதன்று. தொழில்மயமாதலின் தொடக்கக் காலத்தில், ஆலைகளுக்கு வேண்டிய அனுபவமுள்ள கைகள் இங்குப் போதுமான அளவில் இருக்கவில்லை. அரசாங்கம் 1972இல் டாட்டா நிறுவனத்துடனும், தொடர்ந்து ரோலை, பிலிப்ஸ் நிறுவனங்களுடனும் இணைந்து பயிற்சி நிலையங்களை நிறுவியது. முதல் முதலாளியின் சுமையில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது என்று இதனைச் சொல்லலாம். கொவிட்-19 கொள்ளைநோய் பரவிய 2020இல், புதிய பட்டதாரிகளுக்கான வேலைப் பயிற்சித் திட்டத்தில் பயிற்சிப்படியின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றதும் அதே கருத்தின் வழிவந்தது. தொழில்நுட்பக் கல்விக் கழகமும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் மாணவரை நிறுவனங்களுக்கு அனுப்புவதும் இதனாலேயே.

ஆசிரியர் பெருமக்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தன்விவரக் குறிப்பு எழுதக் கற்பிக்கும்போது, பெயர்ச்சொற்களிலிருந்து வினைச்சொற்களுக்கு மாணவரைத் திருப்புங்கள். 'தமிழ்மொழி விழா, ஏற்பாட்டுக் குழு உறுப்பினர்' என்பது பெயர். அதிலிருந்து எவரும் எதையும் அறிய இயலாது. 'அறுபது பேருக்கு இருக்கை ஒதுக்கினேன். பேச்சாளர் தாமதமானபோது நிகழ்ச்சி நிரலை மாற்றியமைத்தேன்' என்பவை வினைகள். தேசிய சேவையில் பண்டகசாலைக் கணக்கைப் பார்த்தவரும், உணவங்காடி நிலையத்தில் பெற்றோரின் கடையில் நின்றவரும், நோயுற்ற பாட்டியின் மருந்து வேளைகளைக் கவனித்தவரும் இவ்வாறு எழுத வேண்டும். மிகைப்படுத்தலாகாது. நடந்ததை, நடந்த அளவில் எழுதினால் போதும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றும் தெளிவாக அமைந்த வாக்கியமே படிப்பவரின் ஐயத்தைச் சிறிதேனும் குறைக்கும்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். விளம்பரம் கேட்கும் ஆண்டுக்கணக்கு பலவேளைகளில் முதலாளியின் விருப்பப் பட்டியலே. வேலைக்குரிய பெரும்பாலான பணிகளை உங்களால் செய்ய இயலுமாயின், ஆண்டு குறைவு என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். மறுப்புக் கடிதம் வந்தால், அது உங்கள் திறனுக்குக் கிடைத்த தீர்ப்பு என்று கொள்ள வேண்டா. உங்களைப் பற்றிய தகவல் போதவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

வேலை கொடுக்கும் இடத்தில் நாளை நீங்களே அமர்வீர்கள். அன்று உங்கள் முன் ஒரு விண்ணப்பம் வரும். அதில் 'இல்லை' என்று எழுதப்பட்டிருக்கும். தாளைப் புரட்டுமுன் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.