வாதத்தை வலுப்படுத்தல்: ஒரு பரீட்சை வினாவும் இலண்டன் வாந்திபேதியும்

பட்டப்பின்படிப்புக்கும் சட்டக்கல்விக்கும் மாணவரைத் தெரிவுசெய்யும் சர்வதேசப் பரீட்சைகளில் ஒருவகை வினா தவறாது இடம்பெறுகின்றது. சில வரிகளில் ஒரு வாதம் தரப்படும்; அதன்கீழ் ஐந்து கூற்றுக்கள் அமையும்; அவற்றுள் எது, உண்மையாயின், அவ்வாதத்தை மிகவும் வலுப்படுத்தும் என வினவப்படும். அமெரிக்காவில் 1948 முதல் நடைபெற்றுவரும் எல்சற் பரீட்சையிலும், முகாமைத்துவக் கல்விக்கான ஜிமற் பரீட்சையிலும் இதனைக் காணலாம்.

உயர்தர வகுப்பில் அளவையியலும் விஞ்ஞான முறையும் பயின்றோர்க்கு இது முற்றிலும் புதியதன்று. ஆயினும் அவர்களே இங்கு இடறக் காண்கின்றோம். உய்த்தறி வாதம் ஒன்றில் வாய்ப்பானது அல்லது வாய்ப்பற்றது. தொகுத்தறி வாதமோ வலிமை கூடவும் குறையவும் இடந்தருவது. எனவே, வலுப்படுத்தல் என்பது நிறுவுதலன்று. முடிவை ஐயத்துக்கிடமின்றி நிறுவும் கூற்றைத் தேடி, அது கிடையாமையால் மயங்குவோர் பலர். எடுகூற்றையே வேறு சொற்களில் மீளவுரைக்கும் கூற்றினைத் தெரிவுசெய்வோர் அவர்களினும் பலர்.

எடுகூற்றுக்கும் முடிவுக்கும் இடையில், வெளிப்படக் கூறப்படாத எடுகோள் ஒன்று மறைந்து நிற்கின்றது. காரண காரிய வாதங்களில் அவ்வெடுகோள் பெரும்பாலும் "வேறு காரணம் இல்லை" என்பதேயாகும். அந்த இடைவெளியை ஒடுக்குகின்ற கூற்றே வாதத்தை வலுப்படுத்தும். இதனைக் கற்பனை உதாரணத்தால் விளக்குவதிலும், மனித உயிர்கள் சம்பந்தப்பட்ட ஒரு மெய்வாதத்தைக் கொண்டு விளக்குவதே பொருத்தமாகும்.

1854 ஆம் ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் இலண்டன் சோஹோப் பகுதியில் வாந்திபேதி வெடித்தது. பத்து நாட்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோரிற் பெரும்பாலார் புறோட் வீதி நீர்க்குழாய்க்கு அண்மையில் வாழ்ந்தோர்; ஆகவே அக்குழாய் நீரே நோய்க்குக் காரணம் என்றார் மருத்துவர் ஜோன் ஸ்னோ. அண்மை என்பது மட்டும் போதுமான சான்றாகுமா? அண்டை வாழ்ந்தோர் அனைவரும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தனர். துர்நாற்றக் காற்றே நோய் பரப்புகின்றது என்பது அக்காலத்தில் அதிகாரம் பெற்றிருந்த கொள்கை. நோயை வறியோரின் வாழ்க்கைமுறையோடு பிணைத்துப் பேசுவதும் அன்று வழக்கிலிருந்தது.

இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கும் கூற்று எது? குழாயருகே இன்னும் சிலர் இறந்தனர் என்பது முன்னையதையே பெருக்குகின்றது; காற்றுக்கொள்கையாளரும் அதனை மகிழ்வோடு ஏற்பர். செப்டெம்பர் 8 இல் குழாயின் கைபிடி அகற்றப்பட்டபின் நோய் தணிந்தது என்பது பாடநூல்கள் விரும்பிக் கூறும் செய்தி. பரீட்சையில் இது சிறந்த பொறியாக அமையும். மக்கள் பலர் அதற்கு முன்னரே வெளியேறிவிட்டனர். மரணங்களும் குறையத் தொடங்கியிருந்தன. இதனை மறைக்காது கூறியவர் ஸ்னோவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஹம்ஸ்ரெட்டில் வாழ்ந்த ஒரு விதவையின் மரணமோ வேறுவகையானது. அவர் அவ்வீதிக்குப் பல மாதங்களாக வந்தவரல்லர். அக்குழாய் நீரை விரும்பி நாள்தோறும் வருவித்துப் பருகியவர். அவரும், அவரிடம் வந்து அந்நீரைப் பருகி இஸ்லிங்ரனுக்கு மீண்ட உறவினரும் மாண்டனர். இங்கு காற்று விலகுகின்றது. நீர் மட்டுமே எஞ்சுகின்றது. புறோட் வீதியிலேயே இருந்த மதுவடிசாலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைசெய்தனர். அவர்கள் மதுவையே பருகினர். அங்குத் தனிக்கிணறும் இருந்தது. அவர்களுள் எவரும் இந்நோயால் இறக்கவில்லை. அருகிலிருந்த ஏழையர் இல்லத்தில் 535 பேர் வாழ்ந்தனர், இறந்தோர் ஐவரே. அங்கும் தனிக்கிணறு. வறுமையே காரணமாயின் முதலில் அழிந்திருக்க வேண்டியவர்கள் இவர்களல்லவா? மணிமேகலையின் அளவைப் பகுதி, ஒத்த எடுத்துக்காட்டோடு அமையாது வைதன்மிய திட்டாந்தத்தையும் வேண்டி நிற்பதன் பொருத்தம் இங்கு புலனாகும். காரணம் இல்லாவிடத்துக் காரியமும் இல்லை எனக் காட்டும் கூற்றை, "வாதத்துக்குச் சம்பந்தமில்லாத வேற்றிடம்" என மாணவர் அடிக்கடி தள்ளிவிடுகின்றனர்.

இவையனைத்தினும் வலியது தென் இலண்டன் சான்று. ஒரே தெருக்களில் இரு கம்பனிகளின் குழாய்கள் ஓடின. லம்பெத் கம்பனி 1852 இல் தேம்ஸ் நதியின் மேற்பகுதிக்குத் தன் நீரேற்று நிலையத்தை மாற்றியது. சதக்-வொக்ஸ்ஹோல் கம்பனி நகரக் கழிவு கலந்த பகுதியிலேயே நீரெடுத்தது. செல்வரும் வறியரும், ஒரே காற்றைச் சுவாசிப்போரும் இரண்டிலும் கலந்திருந்தனர். 1854 இன் நோய்ப்பரவலில், முதல் ஏழு வாரங்களில் பத்தாயிரம் வீடுகளுக்குச் சதக்-வொக்ஸ்ஹோல் நீர் பெற்றோரிடை 315 மரணங்கள். லம்பெத் நீர் பெற்றோரிடை 37. ஜே. எஸ். மில் 1843 இல் விளக்கிய வேற்றுமை முறைக்கு இதனினும் நெருங்கிய சமூக உதாரணம் அரிது.

எனினும் 1855 இல் அரசின் விஞ்ஞான விசாரணைக் குழு ஸ்னோவின் கொள்கையை ஏற்க மறுத்தது. நீரிலுள்ள நச்சுப்பொருள் எது என்று அவராற் காட்ட முடியவில்லை. அது வாதத்தின் குறைபாடே. ஆயினும் மேற்கூறிய வேறுபாடுகளுக்கு மாற்று விளக்கம் தரும் பொறுப்பினின்று குழுவை அது விடுவிக்கவில்லை. ஸ்னோ 1858 இல் மறைந்தார். நோய்க்கிருமியை றொபேட் கொக் இனங்கண்டு உலகறியச் செய்தது 1884 இலேயே. எவ்வாறு நிகழ்கின்றது என அறியாமலே எதனால் நிகழ்கின்றது என்ற முடிவு வலுப்பெறலாம் என்பதைப் பரீட்சார்த்தி மட்டுமன்றிச் சமூக ஆய்வாளனும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பரீட்சை வினாவுக்கும் இம்மெய்வாதத்துக்கும் ஒரு பெரும் வேறுபாடுண்டு. "உண்மையாயின்" என்ற சொல், கூற்றின் மெய்ம்மையை மாணவனுக்கு இலவசமாக வழங்கிவிடுகின்றது. ஸ்னோவோ வீடுவீடாகச் சென்றார். வாடகைக்கு இருந்தோர் பலருக்குத் தாம் அருந்துவது எந்தக் கம்பனியின் நீர் என்பதே தெரியாது. கட்டணம் செலுத்தியவர் தொலைவில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர். அவர் நீரைச் சிறு குப்பிகளிற் சேகரித்து வெள்ளி நைத்திரேற்றால் உப்பைச் சோதித்தார். சதக்-வொக்ஸ்ஹோல் நீரில் உப்பு ஏறத்தாழ நாற்பது மடங்காக இருந்தமையால், எந்த வீட்டுக்கு எந்த நீர் என்பதை அவரால் வேறுபிரித்தறிய முடிந்தது.