மேஜரில் பாஸ், அலைடில் அரியர்

பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்துவிட்டு மூன்று வருடத்தில் பட்டத்தோடு வெளியே போக முடியாமல் திணறுகிற பிள்ளைகளில், இயற்பியலில் தோற்றவர்கள் குறைவு. நான் பார்த்தவரை அதிகம் பேரைக் கவிழ்த்தது அலைட் மேத்ஸ். அடுத்தது வருகைப்பதிவு. அதற்கும் அடுத்தது, எழுதி முடிக்காத ரெக்கார்டு நோட்டு. டெல்டா பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இன்றும் சேர்க்கை சமயத்தில் யாராவது பெற்றோர் பிடித்துக்கொண்டு, "மேடம், பிள்ளைக்கு ஃபிசிக்ஸ் கிடைச்சிருக்கு, சேர்க்கலாமா? என்னென்ன பாஸ் பண்ணணும்?" என்பார்கள். "பிளஸ் டூவில் கணக்கு எவ்வளவு?" என்பதுதான் என் முதல் கேள்வி. இயற்பியல் மதிப்பெண்ணைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

சேர்வதற்கே கணக்கு வேண்டும். பியூர் சயின்ஸ் குரூப் எடுத்த பிள்ளை இயற்பியலில் தொண்ணூறு வாங்கியிருந்தாலும், பிளஸ் டூவில் கணிதம் இல்லையென்றால் பொதுவாக இடம் கிடையாது. அரசு கல்லூரிகளில் மொழிப்பாடங்களை விட்டுவிட்டு, மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அந்த வரிசையில் முதலில் நிரம்புவது பெரும்பாலும் பி.காம்., கணினி அறிவியல். இயற்பியலுக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் மனசார வருகிறார்கள், இன்னொரு பகுதியினர் பொறியியலோ மருத்துவமோ கிடைக்காமல் வருகிறார்கள். இரண்டாவது கூட்டத்தில் நல்ல பிள்ளைகள் நிறைய உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, பட்டத்துக்கு என்ன வேண்டும்? தாளில் எழுதினால் ஒரு வரிதான்: ஆறு செமஸ்டரில் 140 கிரெடிட். இது ஐந்து பகுதிகளாகப் பிரிந்து கிடக்கும். முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாம் பகுதி ஆங்கிலம். இவை பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தோடு முடியும். மூன்றாம் பகுதிதான் உயிர். மேஜர் என்று பிள்ளைகள் சொல்லும் இயற்பியல் தாள்கள், செய்முறைகள், அலைட் எனப்படும் துணைப் பாடங்கள் எல்லாம் இதில் அடங்கும். நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் மேம்பாட்டுத் தாள்கள். ஐந்தாவது, என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி.

வகுப்பு போடுவதற்குப் பல பல்கலைக்கழகங்கள் மூன்றாம் பகுதியைத்தான் பார்க்கின்றன: 60 சதவீதத்துக்கு முதல் வகுப்பு, 50-க்கு இரண்டாம் வகுப்பு. அதனால் மற்றவை சும்மா என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். மேஜரில் எழுபதுக்கு மேல் எடுத்த ஒரு பையன், சுற்றுச்சூழல் தாளை 'அதெல்லாம் அப்புறம் எழுதலாம்' என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அந்த ஒரு தாளுக்காக வேலைக்குப் போன இடத்திலிருந்து லீவு போட்டு வந்து எழுதினான். ஐந்து பகுதியும் முடிந்தால்தான் பட்டம்.

தாளுக்குத் தாள் கணக்கு பெரும்பாலும் இப்படி: இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. மொத்தத்தில் 40 வேண்டும். அதோடு பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் தனியாக 75-க்கு 30 எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை முதல் வருடப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. இன்டர்னலில் 22 வாங்கிவிட்டு, "இன்னும் பதினெட்டுதானே மேடம்" என்று சிரித்துக்கொண்டே போவார்கள்.

இனி அலைட் மேத்ஸுக்கு வருகிறேன். பெரும்பாலான கல்லூரிகளில் முதல் வருடம் கணிதம், இரண்டாம் வருடம் வேதியியல் துணைப்பாடம். கணிதத் துறையிலிருந்து வேறொரு ஆசிரியர் வந்து நடத்துவார். அதனால் அது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, சீக்கிரம் போய்விடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், ஃபூரியர் தொடர், லாப்லாஸ் உருமாற்றம், வெக்டர் கால்குலஸ் எல்லாம் அந்த ஒரே வருடத்தில் ஓடிவிடும். மாதிரிக் கணக்குகளை மனப்பாடம் செய்து நாற்பது வாங்கித் தப்பிக்கலாம். தப்பித்தவன் மாட்டுவது மூன்றாம் வருடத்தில். குவாண்டம் இயக்கவியலில் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதியதும், அது ஒரு வகைக்கெழுச் சமன்பாடு என்பதே பாதி வகுப்புக்கு மறந்திருக்கும். மின்காந்தவியலில் மேக்ஸ்வெல் சமன்பாடுகளுக்கு டைவர்ஜன்ஸும் கர்லும் தெரியாமல் ஒரு வரி நகர முடியாது. முதல் வருடம் அரியர் வைத்தவன், மூன்றாம் வருடம் மேஜரையும் படித்துக்கொண்டு பழைய கணிதத்தையும் திரும்ப எழுத வேண்டும். அவன் இயற்பியலில் மக்கு கிடையாது. கணக்கைத் தள்ளிப்போட்டவன், அவ்வளவுதான். என்னிடம் அதிகாரம் இருந்தால், முதல் வருடம் மேஜர் தாள்களில் ஒன்றைக் குறைத்து அந்த நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுத்திருப்பேன். சக ஆசிரியர்கள் இதைக் கேட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

மேஜர் தாள்களை ஒவ்வொன்றாக விவரிக்கப் போவதில்லை. பருப்பொருள் பண்புகள், வெப்பவியல், இயக்கவியல், ஒளியியல், மின்னியல், அணு, அணுக்கரு, திண்ம நிலை, மின்னணுவியல் என்று வரிசை போகும். பெயரைப் பார்த்தாலே புரியும்.

செய்முறையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். முதல் வருட லேபில் பிள்ளை சந்திக்கும் முதல் சோதனைகளில் ஒன்று யங் குணகம். ஒரு மர மீட்டர் ஸ்கேலை இரண்டு கத்திமுனைகளின் மேல் வைத்து, நடுவில் எடைத்தாங்கியைத் தொங்கவிட்டு, அதே இடத்தில் மெழுகால் ஒரு குண்டூசியை நிறுத்த வேண்டும். 50 கிராம், 50 கிராமாக எடை ஏற ஏற ஸ்கேல் துளித்துளியாக வளையும். அந்த வளைவை டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் ஊசி முனையைப் பார்த்து அளப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் ஊசி தலைகீழாகத் தெரியும். எடை ஏற்றினால் கீழே இறங்க வேண்டிய முனை மேலே போவதைப் பார்த்துப் பிள்ளைகள் பதறுவது வருடா வருடம் நடக்கும்.

இதில் விஷயம் வேறிடத்தில் இருக்கிறது. சூத்திரத்தில் ஸ்கேலின் அகலம் ஒரு தடவைதான் வரும். தடிமன் மும்மடியாக வரும். தடிமன் சுமார் 6 மில்லிமீட்டர். அதை ஸ்க்ரூ கேஜில் அளக்கும்போது 0.1 மில்லிமீட்டர் பிசகினால், இறுதி விடை ஏறக்குறைய 5 சதவீதம் பிசகிவிடும். அரை மணி நேரம் கண் வலிக்க மைக்ராஸ்கோப் பார்த்தவன், ஸ்க்ரூ கேஜின் சுழிப் பிழையைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வான். எந்த அளவில் உயிரைக் கொடுக்க வேண்டும், எதில் கொஞ்சம் தளரலாம் என்பது தியரி தாளில் யாருக்கும் வராது. மரத்துக்கு விடை 10-இன் பத்தடுக்கு நியூட்டன்/சதுர மீட்டர் அளவில் வரும். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவனைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு பெஞ்ச் முழுக்கத் தசமம் வரை ஒரே விடை இருக்கும்.

அடுத்த பெரிய கருவி ஸ்பெக்ட்ரோமீட்டர். தொலைநோக்கியை முதலில் ஜன்னலுக்கு வெளியே தூரத்துப் பொருளுக்குச் சரிசெய்து, பிறகு சோடியம் விளக்கின் முன் வைத்துப் பட்டகத்தின் கோணத்தை அளக்க வேண்டும். ஒரு நிமிடக் கோணம் வரை படிக்கலாம். 'தினம் இதே பட்டகம், இதே மஞ்சள் வெளிச்சம்' என்று முணுமுணுப்பவர்களுக்கு நான் சி.வி. ராமனைச் சொல்வேன். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் 1904-ல் பி.ஏ. முடித்து இயற்பியலில் தங்கப் பதக்கம் வாங்கியவர். எம்.ஏ. படிக்கும்போது, இதே மாதிரி மாணவர் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பட்டகத்தை வைத்துப் பார்க்கையில், ஒளி சாய்வாக விழும்போது விளிம்புப் பட்டைகள் இருபக்கமும் சமமாக இல்லாததைக் கவனித்தார். அதைக் கட்டுரையாக எழுதி லண்டன் பிலாசஃபிகல் மேகசினுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் அது அச்சானபோது அவருக்கு வயது 18. சோதனைக் குறிப்பில் கேட்டதை அளந்துவிட்டு எழுந்து போயிருந்தால் அந்தப் பட்டைகள் அவர் கண்ணில் பட்டிருக்காது.

செய்முறைத் தேர்வு மூன்று மணி நேரம். வேறொரு கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வருவார். கையெழுத்து வாங்கிய ரெக்கார்டு இல்லாமல் உட்கார வந்தால் சிக்கல்தான். ரெக்கார்டுக்குத் தனி மதிப்பெண், வைவாவுக்குத் தனி. வைவாவில் எக்ஸ்டர்னல்கள் விரும்பிக் கேட்பது, "இந்தக் கருவியின் மீச்சிற்றளவு எப்படி வந்தது?" என்பதுதான். எண்ணை மட்டும் சொன்னால் போதாது, கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். தியரியில் எண்பது எடுப்பவர்கள் இங்கே திக்கித் திணறுவதையும், தியரியில் தட்டுத் தடுமாறும் பிள்ளை கருவியைத் தொட்டதும் நிமிர்ந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர் பெண் ஒருத்தி, எலக்ட்ரானிக்ஸ் லேபில் எந்த வயர் உள்ளே அறுந்திருக்கிறது என்று மல்ட்டிமீட்டர் எடுக்கும் முன்பே சொல்லிவிடுவாள்.

வருகைப்பதிவு 75 சதவீதம். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் கன்டோனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் ஹால் டிக்கெட் வராது. அறுவடைக்கும் நாற்று நடவுக்கும் வீட்டில் கை குறைகிற ஊர் இது. ராத்திரி வேலைக்குப் போய்விட்டுக் காலை முதல் பீரியடில் தூங்கி விழுகிறவர்களும் உண்டு. விதி விதிதான். லேப் நாளை மட்டும் விடாதே என்பேன். தவறிய வகுப்பைத் தோழன் நோட்டில் படித்துக்கொள்ளலாம், தவறிய சோதனைக்கு நோட்டு உதவாது.

பட்டம் வாங்கிய பிறகு என்ன? எம்.எஸ்சி.யை ஐ.ஐ.டி.யில் படிக்க ஜாம் தேர்வு எழுத வேண்டும். அதன் இயற்பியல் பாடத்திட்டத்தைத் திறந்தால் முதல் தலைப்பே கணித முறைகள். பி.எட். சேர்த்து முடித்து டெட் தேறினால் பட்டதாரி ஆசிரியர் வேலைக்குப் போட்டியிடலாம். புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர் ஆக, எம்.எஸ்சி.க்கு மேல் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோ ஒரு வழி. இந்த வேலையைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. வானிலை ஆய்வுத் துறையின் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் பணிக்கும் இயற்பியல் பட்டதாரி விண்ணப்பிக்கலாம். இன்னும் பொறியியல் ஆசை விடாதவர்களுக்கு, பி.எஸ்சி. முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி வழி இருக்கிறது.

பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான பி.எஸ்.டி.எம். சான்றிதழை டி.சி. வாங்க வருகிற அன்றைக்கே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தின் கடைசி நாளில் அதற்காக வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களை எங்கள் அலுவலக வாசலில் அடிக்கடி பார்க்கலாம்.