பேட்டரி டிரில்: பாதுகாப்பும் பராமரிப்பும்

கம்பியில்லாத் துளையிடும் கருவி என்பது, கழற்றி மாட்டக்கூடிய மின்கலத் தொகுதியால் இயங்கும் கைக்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது பேட்டரி டிரில் எனப்படுகிறது. சுவர், மரம், இரும்புத் தகடு ஆகியவற்றில் துளையிடவும், திருகாணிகளை முடுக்கவும் கழற்றவும் இது பயன்படுகிறது. மின் இணைப்பு இல்லாமலே இயங்குவதால், புயல் காலத்தில் நீண்ட மின்தடையைச் சந்திக்கும் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் இது மிகவும் உதவும். அதே வேளையில், அப்பகுதிகளின் உப்புக் காற்றும் வெள்ள நீரும் இக்கருவியைப் பழுதாக்குகின்றன. அதன் பேட்டரியை ஆபத்தான பொருளாகவும் மாற்றக்கூடும்.

வரலாறு

மின்சாரத்தால் இயங்கும் துளைக்கருவிக்கு 1889-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் காப்புரிமை பெறப்பட்டது. கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் கொண்ட வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1917-இல் காப்புரிமை பெற்றது. அதே நிறுவனம் 1961-இல் நிக்கல்-காட்மியம் மின்கலத்தால் இயங்கும் டிரில்லை வெளியிட்டது. 1971-இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர்கள் பேட்டரியால் இயங்கும் துளைக்கருவியை நிலவில் பயன்படுத்தினர். இன்றைய கருவிகளில் பெரும்பாலும் லித்தியம்-அயனி மின்கலங்களே உள்ளன.

அமைப்பு

18 வோல்ட் பேட்டரியில் 3.6 வோல்ட் மின்கலங்கள் ஐந்து தொடராக இணைக்கப்பட்டிருக்கும். முழுதாகச் சார்ஜ் ஆனவுடன் அதன் அழுத்தம் 20 வோல்ட்டைச் சற்றுத் தாண்டும். எனவே '18 வோல்ட்', '20 வோல்ட் மேக்ஸ்' என விற்கப்படுபவை பெரும்பாலும் ஒரே ஆற்றல் கொண்டவையே.

டிரில் பிட்டைப் பிடித்துக்கொள்ளும் பகுதி சக் எனப்படும். அதன் பின்னால் எண்கள் பொறித்த வளையம் இருக்கும். சிறிய எண்ணில் வைத்தால், திருகாணி இறுகியதும் முறுக்கு விசை தானாக விடுபடும். மரம் பிளக்காது, திருகாணித் தலையும் தேயாது. துளையிடும்போது வளையத்தை டிரில் குறிக்குத் திருப்ப வேண்டும். செங்கல், கான்கிரீட் சுவர்களுக்குச் சுத்தியல் குறியும், நுனியில் கார்பைடு பதித்த பிட்டும் தேவை. மரத்துக்கும் இரும்புக்கும் சுத்தியல் இயக்கம் கூடாது.

சுவருக்குள் இருக்கும் ஆபத்து

கம்பி இல்லாத கருவியால் ஷாக் அடிக்காது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கருவியில் இருப்பது 18 வோல்ட்தான். ஆனால் சுவருக்குள் பதித்த குழாயில் 230 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. பிட் அந்தக் கம்பியைத் தொட்டால், சக் போன்ற உலோகப் பகுதிகளுக்கும் மின்சாரம் பாயும்.

சுவிட்ச் பெட்டிக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலேயும், நேர் கீழேயும், அதே மட்டத்தில் பக்கவாட்டிலும் துளையிடுவதைத் தவிர்க்க வேண்டும். குளியலறை, சமையலறைச் சுவர்களில் தண்ணீர்க் குழாய் செல்லும் தடத்தையும் பார்க்க வேண்டும். இங்குதான் பேட்டரி டிரில்லின் பெரிய நன்மை இருக்கிறது: மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இதைப் பயன்படுத்தலாம். கம்பியுள்ள டிரில்லுக்கு அந்த வசதி இல்லை. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் அதன் இணைப்பையும் துண்டிக்க வேண்டும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் சில கம்பிகளுக்கு மின்சாரம் தந்துகொண்டிருக்கும்.

பயன்படுத்தும் முறை

1. பிட்டை மாற்றும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அல்லது சுழலும் திசையை மாற்றும் பொத்தானை நடுவில் நிறுத்த வேண்டும். அப்போது விசை பூட்டப்படும்.
2. கண்ணாடி அணிய வேண்டும். சுவரில் துளையிடும்போது முகக்கவசமும் தேவை. கான்கிரீட் தூளில் நுரையீரலைப் பாதிக்கும் சிலிக்கா உள்ளது.
3. துப்பட்டா, சேலைத் தலைப்பு, தோளில் போட்ட துண்டு, விரித்த கூந்தல் ஆகியவை சுழலும் சக்கில் சிக்கும். தொளதொளப்பான கையுறையும் ஆபத்தே.
4. சிறு மரத்துண்டையோ தகட்டையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டு துளையிடக் கூடாது. கிளாம்ப் கொண்டு இறுக்க வேண்டும்.
5. பிட் திடீரெனச் சிக்கினால் கருவியே சுழன்று மணிக்கட்டை முறுக்கும். கருவியை இரு கைகளாலும் பிடித்து, கால்களை ஊன்றி நிற்க வேண்டும். சிக்கிய பிட்டைப் பின்திசையில் மெதுவாகச் சுழற்றி எடுக்கலாம்.

உப்புக் காற்றும் பராமரிப்பும்

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோர ஊர்களில் சக்கும் பிட்டுகளும் விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பிட்டுகளில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தர வேண்டும். காற்றுத் துளைகளில் படிந்த தூளைத் தூரிகையால் நீக்க வேண்டும். கருவிப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பது நல்லது.

பேட்டரியைச் சுடச்சுடச் சார்ஜ் செய்யக் கூடாது. ஆறிய பின்பே செய்ய வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது. நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் பாதியளவு சார்ஜுடன் கழற்றி வைக்கலாம். ஆணி, திருகாணிகளோடு ஒரே பையில் போட்டால் பேட்டரியின் முனைகள் குறுக்கிணைந்து தீப்பிடிக்கக்கூடும்.

வெள்ளத்தில் நனைந்த பேட்டரி

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 நவம்பரில் பெருமழை கடலூர் மாவட்டத்தை மூழ்கடித்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் பெருகிய தென்பெண்ணை ஆற்று வெள்ளம் கடலூரில் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய டிரில் பேட்டரியை வெயிலில் காயவைத்து மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது. நீர், குறிப்பாக உப்பு நீர், உள்ளே அரிப்பையும் குறுக்கிணைப்பையும் உண்டாக்கும்; பல நாள் கழித்தும் தீப்பற்றலாம். 2022-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் சூறாவளிக்குப் பின், கடல் நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில இவ்வாறே தீப்பிடித்தன. அவற்றிலும் லித்தியம்-அயனி மின்கலங்களே இருந்தன.

நனைந்த பேட்டரியையும் உப்பிய பேட்டரியையும் வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. 2022-இன் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய மின்கலங்களைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கு அளித்துள்ளன. எனவே நிறுவனத்தின் சேவை மையத்திலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ ஒப்படைக்கலாம். மழைக்கால எச்சரிக்கை வந்தவுடன் பேட்டரிகளைக் கழற்றிப் பரண் போன்ற உயரமான, உலர்ந்த இடத்துக்கு மாற்றிவிட்டால், புயல் ஓய்ந்தபின் கதவையும் கூரைத் தகட்டையும் சரிசெய்ய டிரில் தயாராக இருக்கும்.