ஏற்காட்டு ஆர்க்கிட் சேலம் மொட்டைமாடியில் ஏன் வாடுகிறது?

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது. மலையில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் ஆர்க்கிட், சேலத்துக்கு இறங்கினால் ஏன் திணறுகிறது?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் முந்நூறுக்கும் குறைவு. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறைவதால், ஏழெட்டு டிகிரி வித்தியாசம். ஆனால் பெரிய வில்லன் வறட்சிதான். ஒரு கனமீட்டர் காற்று 20 டிகிரியில் 17 கிராம் நீராவியிலேயே நிறைந்துவிடும்; 30 டிகிரியில் 30 கிராம் கொள்ளும். 20 டிகிரியில் மூடுபனியாகும் அதே நீராவி, 30 டிகிரியில் 57 சதவீத ஈரப்பதம்தான். மண்ணில்லாமல் தொங்கும் வேர், தன் நுண்துளை மேலுறையில் மழையையும் பனியையும் பிடித்துவைத்துப் பிழைப்பது. வறண்ட காற்று அதையும் உறிஞ்சிவிடும்.

வீட்டில்? கண்ணாடிக் குடில் குளிர்நாட்டுச் சரக்கு. நம் வெயிலில் அடுப்பாகிவிடும். பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை போதும். தரையில் செங்கல் பரப்பி, காலையிலும் நண்பகலிலும் நனையுங்கள். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்; குளிர்ச்சியும் ஈரமும் ஒரே செலவில். பக்கங்களை அடைக்காதீர்கள். மாலையில் இலைமேல் தெளிக்கவும் வேண்டாம். இரவில் உலராத இலையில் பூஞ்சை பிடிக்கும்.